மூன்றாவது சிலிண்டர்

அந்த வண்டியின் நிறம் என்ன என்று கேட்டால் எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. சாம்பல் என்று ஒரு நாள் தோன்றுகிறது, வெளிறிய பச்சை என்று இன்னொரு நாள். சத்தம் மட்டும் இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. அறுபதுகளின் கடைசி. ஓசூரில் மார்கழிக் குளிர் விரலை விறைக்க வைத்த ஒரு காலை. பட்டறையின் தகரக் கதவை அப்போதுதான் தள்ளித் திறந்திருந்தேன். தளி ரோட்டுப் பக்கமிருந்து வண்டி வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று அடி ஒழுங்காக வைத்து, நாலாவது அடியில் காலை இழுக்கிற மனிதர் நடந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். பின்னால் வெள்ளையாகப் புகை. டிரைவர் அண்ணன் இறங்கி, பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, “தம்பி, இவளுக்கு என்னமோ ஒடம்புக்கு ஆவல. நீ பாத்து சொல்லு” என்றார்.

ஊருக்கு வெளியே இருந்த ஒரு சின்ன மிஷன் வைத்தியசாலையின் வண்டி அது. யாரோ வெள்ளைக்காரர் விட்டுப் போன பெரிய அமெரிக்கக் கார். பெட்ரோல் குடித்துத் தீர்க்கிறது என்று உள்ளே இருந்த இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். யானை உடம்புக்குக் கழுதைக் கால் வைத்த மாதிரி என்று அண்ணனே கேலி செய்வார். ஆனாலும் தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், அஞ்செட்டி என்று எந்தக் கிராமத்திலிருந்து ஆள் வந்து நின்றாலும் டாக்டரம்மாவை ஏற்றிக்கொண்டு போகிறது அந்த ஒரு வண்டிதான். டாக்டரம்மா தெற்கே கடலோர ஊர் ஒன்றிலிருந்து வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதிர்ந்து பேசமாட்டார்.

இன்றைக்கு ஓசூர் என்றால் கம்பெனி, ஷிப்ட் பஸ், சங்குச் சத்தம். நான் போன காலத்தில் அதெல்லாம் வரவில்லை. சந்தை நாளைத் தவிர மற்ற நாட்களில் ரோட்டில் லாரியும் காற்றும்தான். நான் திருச்சிப் பக்கத்து ஆள். கூடப்பிறந்தவனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பி, சேலத்தில் ஒரு பஸ் பட்டறையில் தொழில் கற்று, இருபத்தேழு வயதில் கிருஷ்ணகிரி ரோட்டோரம் சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டேன். பால்காரர் கன்னடம், மளிகைக்காரர் தெலுங்கு, லாரிக்காரர்கள் அவரவர் பாஷை. எனக்குத் தமிழை விட்டால் வேறு கிடையாது. தமிழிலும் இனிமையாகப் பேசுகிற வழக்கம் கிடையாது. சில நாள் கதவைச் சாத்தும்போது, காலையிலிருந்து நட்டு, போல்ட்டு, ஸ்பேனர் தவிர வேறொரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை என்பது நினைவுக்கு வரும். அதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்றுகூட நினைத்துக்கொள்வேன். உண்மையில் பயமாக இருக்கும்.

டிரைவர் அண்ணன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். காவேரிப்பட்டினத்துக்காரர். மனைவியும் இரண்டு பெண்களும் அங்கே இருந்தார்கள். இவர் வைத்தியசாலை வளாகத்தில் ஒற்றை அறையில் இருந்தார். மூன்று பாஷையையும் ஒரே வாக்கியத்துக்குள் போட்டுப் பேசுவார், எங்கே தையல் விழுந்தது என்று தெரியாது. மத்தியானம் வெளியூர்ப் பயணம் இல்லையென்றால் பட்டறை வாசலில் வந்து நின்று, “ஏனு தம்பி, ஊட்ட ஆய்த்தா?” என்பார். சாப்பிட்டாயா என்று கன்னடத்தில் கேட்கிறார். ஆகவில்லை என்று அவருக்குத் தெரியும், நான் அவருக்காகக் காத்திருப்பதும் தெரியும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கன்னடக்காரர் ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து களி சாப்பிடுவோம். களியை மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும் என்று எனக்குப் புரிய வைக்க அவருக்கு ஒரு வாரம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்ததும் வெளுத்த சட்டையோடு வந்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத இடமாகத் தேடி, ஒரு மரப்பெட்டியின் மேல் பேப்பர் விரித்து உட்காருவார். நான் குல்லாய்க்கு மேல் மப்ளர் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்து, “ஓசூர் குளுரு திருச்சிக்காரனுக்கு ஜெயிலுதாண்டா” என்று சிரிப்பார். அந்த ஊரில் அவர் ஒருவர்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வண்டி நொண்டிக்கொண்டு வந்த அந்தக் காலைக்கு வருகிறேன். டீசல் இன்ஜினில் எந்த சிலிண்டர் சரியில்லை என்று கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. இன்ஜினை ஓடவிட்டு, பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். தளர்த்தினால் அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த சிலிண்டர் என்றால் உடனே இன்ஜின் தடுமாறும், சத்தம் இறங்கும். எதைத் தளர்த்தினால் சத்தத்தில் மாற்றமே இல்லையோ, அதுதான் ஏற்கெனவே வேலையை நிறுத்திவிட்ட சிலிண்டர். இந்தச் சோதனையைச் செய்யும்போதெல்லாம் எனக்கு ஒரு வேண்டாத யோசனை வரும். இந்த ஊரிலிருந்து என்னைத் தளர்த்தி எடுத்துவிட்டால் யார் காதுக்காவது வித்தியாசம் தெரியுமா என்று. ஒரே ஓர் ஆளுக்குத் தெரியும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்வேன்.

முதலாவதைத் தளர்த்தினேன், தடுமாறியது. இரண்டாவது, அதேபோல். மூன்றாவதைத் தளர்த்தினேன், அசையவேயில்லை. அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “மூணுதான்” என்றார். எனக்கு அவர் முந்திக்கொண்டது பிடிக்கவில்லை. “அந்த நாசில ஒருக்கா கழட்டிப் பாரேன்” என்றார் அடுத்ததாக. அதுவும் பிடிக்கவில்லை. நாசில் என்பது சிலிண்டருக்குள் டீசலைப் பனிபோலத் தெளிக்கிற சாமான். மூன்று வாரத்துக்கு முன்புதான் நாலையும் கழற்றி சேலத்துக்கு அனுப்பி, சோதித்து வாங்கி, நானே திரும்பப் பொருத்தியிருந்தேன். “அண்ணே, நீங்க வண்டி ஓட்றப்ப நான் பக்கத்துல ஒக்காந்து சொல்லித் தர்றனா? சேலத்துல டெஸ்ட் பண்ணி வந்தது. எங் கையால போட்டது. அதுல ஒண்ணும் இருக்காது” என்றேன். அவர் இரண்டு கையையும் தூக்கி, “சரி சாமி, டாக்டர் நீதான்” என்று சொல்லிவிட்டு மரப்பெட்டியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று மத்தியானம் வரை நான் அந்த இன்ஜினில் தொடாத இடம் இல்லை, தொட வேண்டிய இடத்தைத் தவிர. பில்டரை மாற்றினேன். குழாயில் காற்று இருக்கிறதா என்று கையால் பம்ப் அடித்து வெளியேற்றினேன். வால்வு இடைவெளியைச் சரிபார்த்தேன். இதற்குள் இன்ஜின் நன்றாகச் சூடேறிவிட்டது. சூடேறினால் இந்த நோய் பாதி மறைந்துவிடும். சமதரையில் ஓட்டினால் தெரியவே தெரியாது. நான் செய்த வேலையால்தான் மறைந்தது என்று நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. “எடுத்துட்டுப் போங்க அண்ணே, ஓட ஓட சரியாயிடும்” என்றேன். அவருக்கு நம்பிக்கையில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் என்னை மீறி வேறு பட்டறைக்குப் போகிற ஆள் இல்லை அவர்.

இரண்டு நாள் கழித்து, விடிந்ததும் அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஆள் வந்தது. பிரசவம் சிக்கலாகிவிட்டது, உடனே வர வேண்டும் என்று. டாக்டரம்மாவும் அண்ணனும் கிளம்பிப் போனார்கள். மலை ஏற்றத்தில் மூன்று சிலிண்டர் அந்தப் பெரிய உடம்பை இழுக்கவில்லை. பாதி மேட்டில் வண்டி நின்றுவிட்டது. தெரிந்த எல்லாம் செய்து பார்த்துவிட்டு, அண்ணன் கீழே ஓடி ஒரு மாட்டுவண்டியைப் பிடித்து வந்திருக்கிறார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தாய் உயிரோடு இருந்தாள். குழந்தை இல்லை. நேரத்துக்குப் போயிருந்தாலும் பிழைத்திருக்குமா என்று சொல்ல முடியாது என்று டாக்டரம்மா அப்போதே சொன்னாராம். அவர் அப்படித்தான் சொல்லக்கூடியவர்.

மறுநாள் லாரியில் கட்டி இழுத்து வண்டியை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே வைத்தியசாலைக் கமிட்டியின் செயலாளர் வந்தார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் எதற்கும் ஒரு குற்றவாளி கிடைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. வைத்தியசாலையில் டீசலைப் பீப்பாயில் வாங்கி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே, மருத்துவக் கருவிகளைக் கொதிக்கவைக்கிற ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் டின். இரண்டுக்கும் ஒரே புனல். பீப்பாயில் மண்ணெண்ணெய் வாசனை அடிக்கிறது என்று செயலாளர் கண்டுபிடித்துவிட்டார். பீப்பாய் அறைச் சாவி டிரைவரிடம் இருந்தது. அவருக்கு அது போதும்.

“டீசல எடுத்து வெளிய வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்தி வெச்சிருக்கான். அதனாலதான் வண்டி இப்படி ஓடுது. நீங்க மெக்கானிக், நீங்க சொல்லுங்க. கலப்படம் இருக்குமா, இருக்காதா?” என்று கேட்டார். அண்ணன் ஓர் எட்டுத் தள்ளி நின்றிருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். நான் பதில் சொன்னால் முடிந்துவிடும் என்று அவர் நினைத்தது எனக்கு இன்றைக்கும் தெரிகிறது.

வாசனைக்கு அந்த ஒரே புனல் போதும். கலப்படம் என்றால் நாலு சிலிண்டரும் சேர்ந்துதான் நொண்டும். நாலுக்கும் போவது ஒரே டீசல். மூன்றாவது மட்டும் ஏன் படுத்துக்கொள்ள வேண்டும்? இதை ஒரு தொழிற்காரன் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான். எனக்கும் தெரியும். ஆனால் டீசலில் இல்லை என்றால் வேறு எதில் இருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதிலாக என் கையைத்தான் நீட்ட வேண்டியிருக்கும். குழந்தை இறந்து ஒரு நாள்கூட முடியவில்லை. “இருக்கலாம்ங்க” என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைத் தவிர நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம், தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அண்ணன், “தம்பி...” என்று ஆரம்பித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பேச்சை விட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியையும் பீப்பாய் அறைச் சாவியையும் எடுத்து மட்கார்டின் மேல் வைத்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். அவர் ஊருக்குப் போகிற கிருஷ்ணகிரி பஸ் என் பட்டறையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த நேரத்துக்கு நான் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். அதற்கு அடியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

பத்து நாள் அந்த வண்டி பட்டறையிலேயே கிடந்தது. பீப்பாயைக் கவிழ்த்துக் கழுவிவிட்டுப் புது டீசல் கொண்டுவந்து ஊற்றினார்கள். புது டிரைவர் ஒருவர் வந்தார். ஸ்டார்ட் செய்தால் அதே நொண்டல். இப்போது சாக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. புது டிரைவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, மூன்றாவது நாசிலைக் கழற்றினேன். அது உட்காருகிற குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் கரி பிடித்துக் கறுப்பாக இருந்தது. ஊசியால் சுரண்டினேன். செம்பு பளபளத்தது.

நாசிலுக்கு அடியில் மெல்லிய வளையமாகச் செம்பு வாஷர் ஒன்று போட வேண்டும். ஒன்றுதான் போட வேண்டும். புது வாஷர் லேசில் கிடைக்காத காலம் என்பதால், பழையதையே நெருப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்து, மெத்தென்று ஆக்கித் திரும்பப் போடுவோம். நான் நாலு நாசிலைக் கழற்றிய அன்று மூன்று வாஷர்தான் கூடவே வந்தது. நாலாவது மண்ணில் உருண்டிருக்கும் என்று குனிந்து தேடினேன். கிடைக்கவில்லை. டப்பாவிலிருந்து பழையது ஒன்றை எடுத்துக் காய்ச்சிப் போட்டுவிட்டேன். அது மண்ணில் விழவேயில்லை. கரியோடு ஒட்டிக்கொண்டு குழிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதன் மேல் நான் இன்னொன்றை வைத்து முடுக்கியிருக்கிறேன். நாசில் ஒரு வாஷர் கனத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்று, டீசலைத் தெளிக்க வேண்டிய இடத்தில் தெளிக்காமல், மூன்று வாரமாகக் கரி சேர்த்து, கடைசியில் சிலிண்டரையே படுக்க வைத்திருக்கிறது. கழட்டிப் பாரேன் என்று அவர் சொன்னபோது கழற்றியிருந்தால் அரை மணி நேர வேலை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு நான் செய்ததுதான் இன்னும் மோசம். பழைய வாஷரைக் கெல்லி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். நாசிலைப் பொருத்தி இன்ஜினை ஓடவிட்டேன். நாலும் ஒன்றுபோல் ஓடியது. வண்டி தயாரா என்று பார்க்க வந்த செயலாளர் சத்தத்தைக் கேட்டு நின்றார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களா மெக்கானிக்? ஆள் மாறுனதும் வண்டியும் சரியாயிடுச்சு. நான் சொன்னப்ப டாக்டரம்மா நம்பல” என்றார். அதாவது, நான் வாயைத் திறக்காமல் செய்த அந்த ரிப்பேரே அண்ணன் திருடினார் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. பையில் இருந்த வாஷரை விரலால் தொட்டுக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகு மத்தியானங்கள் நீண்டுகொண்டே போயின. ஓட்டல்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, உங்கள் அண்ணன் எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். கேள்வியைப் புரிந்துகொள்கிற அளவுக்கு அண்ணன் எனக்குக் கன்னடம் சொல்லிக்கொடுத்திருந்தார். பதில் சொல்கிற அளவுக்கு இல்லை. எதிர் நாற்காலியைப் பார்க்காமல் இருக்கச் சுவரைப் பார்த்து உட்காரப் பழகிக்கொண்டேன். ஒருவன் தனியாக இருப்பது வேறு, தன் கையாலேயே தன்னைத் தனியாக்கிக்கொள்வது வேறு. இரண்டாவதற்கு யாரிடமும் போய் ஆறுதல் தேட முடியாது.

பங்குனியில் ஒரு நாள் பட்டறையைச் சாத்திவிட்டுக் காவேரிப்பட்டினம் பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனால், ஆற்றோரம் ஒரு கவுண்டரின் மாந்தோப்பில் டீசல் பம்புசெட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இன்ஜினை நிறுத்தினார். “வாங்க மெக்கானிக்” என்றார். தம்பி என்று சொல்லவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்று வாஷர் வந்தது, நாலாவதைத் தேடியது, டார்ச் அடித்தது, செயலாளர் சொன்னது. கடைசியில் வாஷரை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மூணாவதுலயா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். திரும்ப என் கையிலேயே வைத்துவிட்டார்.

“இத எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? நான் எடுக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்கிற மாதிரிச் சொன்னார். பிறகு, வெயிலாக இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். அவருடைய பெண் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்திருந்த களியில் எனக்குப் பாதி வைத்தார். சாப்பிட்டேன். பஸ் நிற்கிற இடம் எது என்று கையைக் காட்டினார். நான் தோப்பைத் தாண்டுவதற்குள் பம்புசெட் ஓடத் தொடங்கிவிட்டது.

அடுத்த வாரமே வைத்தியசாலைக்குப் போனேன். போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. டாக்டரம்மாவைப் பார்க்க நோயாளிகள் வரிசையாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், நானும் கடைசியில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் புது டிரைவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, “என்ன செய்யுது?” என்று கேட்டார். “இருமல்ங்க அம்மா” என்றேன். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்று முனகிக்கொண்டே ஒரு பாட்டில் இருமல் மிக்சர் எழுதிக்கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று வேளையும் ஒழுங்காகக் குடித்தேன்.

ஆறேழு வருஷம் போயிற்று. டாக்டரம்மா ஓய்வு பெற்றுத் தன் ஊருக்குத் திரும்புகிறார் என்று வைத்தியசாலை வளாகத்தில் பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். செயலாளர் நன்றாகப் பேசுவார். டாக்டரம்மாவின் பொறுமையைச் சொன்னார், தாய்மார்களைச் சொன்னார். அப்புறம், “அம்மாவோட பெரிய மனசுக்கு ஒண்ணு மட்டும் சொல்றேன். டீசலைத் திருடி வித்த டிரைவர் ஒருத்தன் இருந்தான். அவனால ஒரு பச்சைக் குழந்தையே போச்சு. அவனக்கூட போலீசுல பிடிச்சுக் குடுக்க வேணாம்னு மன்னிச்சு அனுப்பினாங்க நம்ம அம்மா” என்றார். டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். பந்தல் முழுக்கக் கைதட்டியது. என் பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் கை தட்டினேன்.

எண்பதைத் தாண்டிவிட்டேன். பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஒரு கம்பெனியின் மதில் சுவர் ஓடுகிறது. டாக்டரம்மா இல்லை, செயலாளர் இல்லை. அண்ணன் இருக்க முடியாது. அவரைப் பற்றி விசாரிக்கும் தைரியம் அந்தப் பந்தலுக்குப் பிறகு எனக்கு வரவில்லை. ஆனால் அன்று கை தட்டியவர்களில் சிறு வயதுக்காரர்கள் நிறைய இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பார்கள், டாக்டரம்மாவின் பெருமையாக. அவர்களில் யாராவது இதைப் படிக்கலாம். தெரியாதவர்களிடம் போய்ச் சொல்லச் சொன்னார் அவர். சொல்கிறேன். அந்த டீசலில் எந்தக் கலப்படமும் இல்லை. மூன்றாவது சிலிண்டரில் இரண்டு வாஷர் இருந்தது. இரண்டாவதைப் போட்டவன் நான்.